இளமதியை வரைந்த நாட்கள்

24 மார்ச் 1997, திங்கள்

இளமதி போய் இன்றோடு பதினேழு நாள்.

இந்த டைரி, என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் போர்வெல் ரிக் ஆபீசில் புது வருஷத்துக்குக் கொடுத்தது. அட்டையில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் படம். ஜனவரி முதல் மார்ச் ஆறாம் தேதி வரை, பிள்ளை எத்தனை முறை பால் குடித்தாள், எப்போது தூங்கினாள் என்று குறித்து வைத்திருக்கிறேன். அங்கன்வாடி டீச்சர் புத்தி வீட்டிலும் போகாது. அந்தப் பக்கங்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகுள்ள பக்கங்களில் எழுதுகிறேன்.

காலையில் பல் துலக்கும்போது அவளுடைய புருவத்தை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. வாயில் நுரையோடு கிணற்றடியில் நின்றுகொண்டே இருந்தேன். பதினேழு நாளில் புருவம் போய்விட்டதென்றால் ஒரு வருஷத்தில் என்ன மிஞ்சும்? வீட்டில் அவளுடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. ஒரு வயது ஆகும் முன் பிள்ளையைப் போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்பார்கள் இந்தப் பக்கத்தில். அத்தை காலத்து ஆட்கள் அப்படி.

சாயங்காலம் கடைக்குப் போய் கோடு போடாத நோட்டு ஒன்றும் இரண்டு பென்சிலும் வாங்கினேன். "எத்தனாவது படிக்குதுங்க?" என்று கேட்டார் கடைக்காரர். "ஒண்ணாவது" என்றேன்.

25 மார்ச்

வரைந்து பார்த்தேன். பூசணிக்காய்க்குக் கண் வைத்த மாதிரி வந்தது. கிழித்து அடுப்பில் போட்டேன். பிறகு, அவள் முகம் என்று நினைத்து வரைந்ததை அடுப்பில் போட்டோமே என்று உட்கார்ந்து அழுதேன்.

எனக்கு வரையத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் போட்ட இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை மரம், அவ்வளவுதான். முதலில் கை பழக வேண்டும். அதுவரை அவளை வரையக் கூடாது. அங்கன்வாடி சென்டர் மூன்றரைக்கு முடிகிறது. நாலிலிருந்து ஐந்து வரை தினமும் உட்காருவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

28 மார்ச்

டம்ளர்.

29 மார்ச்

டம்ளர். நேற்றையதைவிட மோசம்.

2 ஏப்ரல், புதன்

ஒன்று பிடிபட்டது. டம்ளரின் வாய் வட்டம் என்று எனக்குத் தெரியும், அதனால் வட்டமாகவே போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அது வட்டமாகத் தெரிவதில்லை, நசுங்கித்தான் தெரிகிறது. தெரிந்ததை வரையக் கூடாது, கண்ணுக்குப் படுவதை வரைய வேண்டும். ஐந்து நாள் டம்ளரோடு மல்லுக்கட்டி இவ்வளவுதான் கற்றேன்.

சென்டரில் சத்துமாவு மூட்டை வந்து இறங்கியது. எலிக்குப் பயந்து பெஞ்சு மேல் ஏற்றினோம்.

6 ஏப்ரல், ஞாயிறு

ஞாயிறு என்றால் பத்து மணிக்கு மளிகைக் கடை போனுக்கு அவர் கூப்பிடுவார். ஜபல்பூர் தாண்டி எங்கேயோ கிணறு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவரைப் பெற்ற அத்தையும் என் கூடவே வந்து கடை வாசலில் நின்றார்.

"சாப்பிட்டியா?" என்றார் அவர் போனில். நானும் அதையே கேட்டேன்.

"அத்தை நிக்கறாங்க. குடுக்கட்டுங்களா?"

"வேண்டாம். எம்பின்னாடி ஆளு நிக்குது." வைத்துவிட்டார்.

திரும்பி வரும்போது அத்தை நடுவழியில் நின்றார். "எம்மேல என்னம்மிணி கோவம் அவனுக்கு? புள்ள போயி அஞ்சாம் நாளு வந்தான், ஒரு வாரம் இருந்தான், எம்மூஞ்சியப் பாக்காமயே போயிட்டான். நாந்தான் புள்ளையச் சரியாப் பாக்கிலீன்னு நெனைக்கறானோ?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

14 ஏப்ரல், திங்கள்

சித்திரை ஒன்று. பண்டிகை கிடையாது, லீவு மட்டும். கத்திரிக்காயை நாலு பக்கமும் திருப்பித் திருப்பி வரைந்தேன். பக்கத்தில் புளி உருட்டிக்கொண்டிருந்த அத்தை எட்டிப் பார்த்து, "கத்திரிக்காயேதான். காம்புல முள்ளுகூடப் போட்டிருக்கறயே" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

21 ஏப்ரல்

முகத்துக்கு வந்திருக்கிறேன். சென்டர் ஆயா சின்னப்பொண்ணு அரிசி புடைக்கும்போது அவள் முகத்தை வரைந்தேன். நெற்றியே இல்லாமல் வந்தது. இன்ச் டேப்பை எடுத்து அவள் உச்சந்தலையிலிருந்து தாடை வரை அளந்தேன். கண் சரிபாதியில் இருக்கிறது! மேலே இருப்பதாக இத்தனை நாள் நினைத்திருந்தேன். பிறகு என் முகத்தைக் கண்ணாடியில் அளந்தேன், அங்கேயும் பாதிதான்.

"என்னுங்க டீச்சர், எனக்கு மூஞ்சிக்கு ஜாக்கெட்டுத் தெக்கறீங்களா?" என்றாள். சிரித்துவிட்டேன். இந்த ஒன்றரை மாதத்தில் முதல் சிரிப்பு.

5 மே, திங்கள்

எடை போடும் நாள். பதினாறு கைக்குழந்தைகள். தொங்கு தராசில் ஒவ்வொன்றாக வைத்து எடுத்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தேன். என் பிள்ளையின் அட்டையும் அந்தக் கட்டில்தான் இருக்கிறது. ஏழு புள்ளி. எல்லாம் பச்சைக் கோட்டுக்கு மேலே. மூன்று நாள் காய்ச்சலுக்குப் பச்சைக் கோடு தெரியவில்லை.

எடை பார்த்த கையோடு தலைகளையும் டேப்பால் அளந்தேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, டீச்சர் என்ன செய்தாலும் கவர்மென்ட் உத்தரவு என்று நினைத்துக்கொள்வார்கள். குழந்தைகளுக்குக் கண் பாதியில் இல்லை, பாதிக்கும் கீழே. மேலே முழுக்க நெற்றியும் மண்டையும்தான். கண், மூக்கு, வாய் மூன்றும் கீழ்ப்பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

நாலு மணிக்கு அப்படியே வரைந்தேன். முதல் தடவையாகக் குழந்தை வந்தது. யாரோ ஒரு குழந்தை. ஆனாலும் குழந்தை.

6 மே

நெற்றி வந்துவிட்டது. அது அவளுடைய நெற்றிதான்.

12 மே

நோட்டு தீர்ந்தது. இரண்டாவது வாங்கினேன். "ரெண்டாவதுக்குப் பாஸ் ஆயிருச்சுங்களா?" என்றார் கடைக்காரர். காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் மேல் தப்பில்லை, அவருக்குத் தெரியாது.

19 மே, திங்கள்

சென்டருக்கு வந்த கனகு தன் ஏழு மாதப் பையனைத் தூளியில் போட்டுவிட்டு, சத்துமாவு வாங்க வரிசையில் நின்றாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். மூடிய கண்ணின் மேல் இமை எங்கே மடிகிறது என்பதுதான் எனக்குப் பல நாளாகப் பிடிபடாதது. தூளித் துணியை விலக்கி வைத்து வரைய ஆரம்பித்தேன். பாதி வந்திருக்கும், கனகு வந்து பார்த்துவிட்டாள்.

"டீச்சர், எம்பட பையனைப் படம் போடாதீங்க. ஆகாதுங்க."

நான் பென்சிலை எடுத்துவிட்டேன்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். உங்க வவுத்தெரிச்சல் எனக்குப் புரியுது. ஆனா வேண்டாமுங்க."

அவள் கண் முன்னாலேயே அந்தத் தாளைக் கிழித்தேன். அவள் போன பிறகு சின்னப்பொண்ணு சும்மா இல்லாமல், "போன வருசம் தாய்மாருங்க கூட்டத்துல மூடநம்பிக்கைன்னு அரை மணி நேரம் பேசுனீங்களே டீச்சர். இன்னைக்கு ஒண்ணும் சொல்லாம உட்டுட்டீங்களே" என்றாள்.

வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்று கத்திவிட்டேன். பாவம்.

25 மே, ஞாயிறு

போன். வடக்கே மழை பிடித்ததும் வண்டியை நிறுத்திவிடுவார்களாம், ஜூன் கடைசியில் வருகிறார். அதோடு விடவில்லை.

"வந்தா தனி வீடு பாக்கலாம். அவங்க இருக்கற வீட்டுல எனக்கு இருக்கப் புடிக்கில."

அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. 'அவங்க.'

"அவங்களுக்கு உங்களை உட்டா யாருங்க இருக்கறாங்க?" என்றேன்.

"எனக்கும் ஒண்ணுதான் இருந்துச்சு."

வந்து பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அத்தை வாசலில் நின்று, "எப்ப வாரானாம்?" என்று ஆசையாகக் கேட்டார். ஜூன் கடைசி என்று அதை மட்டும் சொன்னேன்.

2 ஜூன், திங்கள்

ஒரு வாரமாக மூக்கு வரவில்லை. கண்ணை மூடினால் சென்டர் பிள்ளைகளின் மூக்குதான் வரிசையாக வருகிறது. பயமாக இருந்தது. வரைந்து வரைந்து மற்ற முகங்களை உள்ளே ஏற்றி, அவள் முகத்தை நானே வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறேனோ?

வேறு வழியில்லாமல் அத்தையிடம் நோட்டைக் கொண்டுபோனேன். பிறந்ததிலிருந்து பிள்ளைக்குத் தண்ணி வார்த்ததெல்லாம் அவர்தான். காலை நீட்டிக் குப்புறப் போட்டு, மல்லாத்திப் போட்டு, எண்ணெய் தேய்த்து, தலையை உருட்டி, மூக்கை நீவி. இத்தனை நாள் அவரிடம் ஏன் கேட்கவில்லை என்று இங்கே எழுத வேண்டும். இன்று முடியவில்லை.

அத்தை படத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் காற்றில் வைத்து நீவினார். "இப்படி வருவேன். இங்க ஒரு சின்னப் பள்ளம். அதத் தாண்டினா மேடு. நுனி என்ற வெரலுக்கு அடங்காது, வழுக்கீட்டுப் போயிரும்." என் மூக்கைப் பிடித்துப் பார்த்தார். "உன்னுதாட்டம் இல்ல. உன்னுது நேர்க்கோடு."

அந்த விரல்களைப் பார்த்து வரைந்தேன். மூன்று முறை திருத்தினார். நாலாவது முறை திருத்த ஒன்றும் இல்லை. அவளுடைய மூக்கு நோட்டில் இருந்தது.

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அன்னைக்கே ஒண்ணு எடுத்திருக்கலாம் அம்மிணி. நாந்தான் சொன்னனே, அவன் ஆசப்படறான், எடுத்து அனுப்பீருன்னு."

குறையாகச் சொல்லவில்லை. சும்மா, ஞாபகம் வந்ததைச் சொன்னார்.

3 ஜூன், செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

போட்டோ வேண்டாம் என்று சொன்னது அத்தை அல்ல. நான்.

இளமதி பிறந்து பத்தொன்பதாம் நாள் அவர் ரிக்குக்குக் கிளம்பினார். அதற்குப் பிறகு மூன்று கடிதம் போட்டார். 'ஸ்டுடியோவுக்குத் தூக்கிட்டுப் போய் ஒண்ணு எடுத்து அனுப்பு. இங்க எல்லார்கிட்டயும் பிள்ளை போட்டோ இருக்கு.' மூன்றிலும் அதேதான். அத்தையும் 'போய் எடுத்துட்டு வா' என்றுதான் சொன்னார்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். எட்டு மாதத்தில் திருவிழாக் கடையில் அவனைப் போட்டோ எடுத்தார்கள். அடுத்த மாதம் அவன் இல்லை. அந்தப் போட்டோ எங்கள் அம்மா வீட்டுச் சுவரில் இன்னும் இருக்கிறது. கூட்டம் போட்டு மூடநம்பிக்கை என்று பேசுகிறவள் நான்தான். பேசும்போது நம்பித்தான் பேசினேன். என் பிள்ளை என்று வந்தபோது அந்தச் சுவர்தான் கண் முன்னால் நின்றது.

அதை அவருக்கு எழுத வெட்கமாக இருந்தது. தன் பெண்டாட்டி டீச்சர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிற மனிதர். அதனால், 'அத்தை வேண்டாங்கறாங்க, ஒரு வயசு ஆகட்டும்' என்று எழுதினேன். ஒரு வரிதான். மூன்று தடவையும் அதே வரி.

போட்டோ எடுக்காமல் இருந்தும் பிள்ளை போய்விட்டாள். அவர் பார்த்தது பத்தொன்பது நாள் குழந்தையை. கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காத குழந்தை. ஏழு மாத இளமதியை அவர் பார்த்ததே இல்லை. அவர் வந்து சேர்ந்தபோது எங்கள் காட்டில் அவளைப் புதைத்த இடத்தில் ஈர மண்தான் இருந்தது.

11 ஜூன்

இடது கண் முடிந்தது. வலது கண் அதைவிடப் பெரிதாகிவிட்டது. அழித்து அழித்துத் தாள் ஓட்டை.

15 ஜூன், ஞாயிறு

போனில் சொல்லலாம் என்று போனேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள். உண்மையில் இரண்டே பேர்தான்.

சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன? அத்தை தானாகக் கேட்க மாட்டார், அவரும் கேட்க மாட்டார். தனி வீட்டுக்குப் போய்விடலாம். ஒருத்தி தன் மகனைப் பறிகொடுத்துவிட்டு, காரணம் தெரியாமலே மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டு இங்கே இருப்பாள். சொன்னால் எனக்கு அவர் இல்லாமல் போகலாம். இரண்டையும் யோசித்தபடி சோற்றை அடிப்பிடிக்க விட்டேன்.

22 ஜூன்

முடிந்தது. எண்ணிப் பார்த்தேன், இது நாற்பத்து மூன்றாவது முகம். புருவம் மெல்லிசு, நடுவில் கொஞ்சம் விட்டு மறுபடி தொடங்கும். அதுவும் வந்துவிட்டது. எப்போது ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை, கை போட்டுக்கொண்டே போனது.

படம் என்னையே பார்க்கிறது. நோட்டை மூடி பீரோவில் வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் எடுத்துத் திறந்தேன்.

27 ஜூன், வெள்ளி

காலையில் அவர் வந்து இறங்கினார். இளைத்திருக்கிறார், கறுத்திருக்கிறார். அத்தை சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வாங்கித் திட்டில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். குடிக்கவில்லை.

சாப்பிட்ட பிறகு நோட்டைக் கொடுத்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "ஏழு மாசத்துல இப்படி இருந்தாளுங்க" என்றேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். விரலைத் தாளில் படாமல் மேலேயே வைத்துக்கொண்டு பார்த்தார். "நீயா போட்ட?" தலையாட்டினேன். "கண்ணு இத்தனை பெருசா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. இவர் அழுது நான் பார்த்ததில்லை.

அப்போது அத்தை கதவருகே வந்தார். படத்தை மகனிடம் காட்டிவிட்டேனா என்று பார்க்கத்தான் வந்திருப்பார். இவர் சட்டென்று எழுந்து கதவைச் சாத்தினார்.

"இதை அவங்க கண்ணுல காட்டாத. போட்டோவே வேண்டாம்னவங்களுக்குப் படம் எதுக்கு?"

இதற்கு மேல் தள்ளிப்போட இடமில்லை.

"வேண்டாம்னது நானுங்க. அத்தை எடுக்கத்தான் சொன்னாங்க. நாந்தான் அவங்க பேரப் போட்டு எழுதுனேன்."

திரும்பிப் பார்த்தார். "மூணு லெட்டருக்குமா?"

"மூணுக்கும்."

தம்பியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். நோட்டை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் வெளியே போய்விட்டார்.

28 ஜூன்

வந்தார். சாப்பிட்டார். பேசவில்லை.

29 ஜூன், ஞாயிறு

அத்தையிடமும் சொன்னேன். மாட்டுக்குப் புண்ணாக்குக் கரைத்துக்கொண்டிருந்தார். கேட்டு முடிக்கும்வரை கை கரைத்துக்கொண்டே இருந்தது.

"நாலு மாசமா நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு செங்கோட்டு மலைச் சாமியப் பாத்துக் கேட்டுட்டு இருந்தேன். நீ எம்பக்கத்துலயேதான் இருந்திருக்கற."

கரைத்ததை எடுத்துக்கொண்டு மாட்டிடம் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

30 ஜூன்

சென்டருக்குப் போனேன். எடை பதிவேட்டில் இரண்டு பிள்ளைகளின் எடையை மாற்றி எழுதிவிட்டேன். சின்னப்பொண்ணு கண்டுபிடித்தாள். நாலு மணிக்கு உட்காரவில்லை. மார்ச்சுக்குப் பிறகு இதுதான் முதல் நாள்.

1 ஜூலை, செவ்வாய்

காலையில் அத்தை கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் சமையல்கட்டில் இருந்தேன். அவர் நோட்டோடு வந்து அத்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா."

முறம் நின்றது.

"நான் பாத்தது பத்தொம்பது நாளு. இவ சொன்னா நம்பறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியில. நீ சொல்லும்மா. எம்புள்ள இப்படித்தான் இருந்தாளா?"

அத்தை கையிலிருந்த தவிட்டைப் புடவையில் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்துப் பார்த்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் பொய் சொன்னேனா இல்லையா என்பதை என் பொய்யால் அடிபட்டவர் சொல்ல வேண்டும். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"இவதான் சாமி" என்றார் அத்தை. "நெத்தி, மூக்கு, கண்ணு எல்லாம் இவதான். சோத்துக்கு வாயத் தொறக்கறதுக்கு முன்னால இப்படித்தான் பாப்பா." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "காது மட்டும் இப்படி இல்ல. மேல் மடிப்பு உள்ள மடங்கியிருக்கோணும். உம்பட காதாட்டம்."

என் வீட்டுக்காரர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.  அத்தை அவருடைய முதுகில் கை வைத்தார், அவர் அதைத் தட்டிவிடவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். பேசவில்லை. நாலு நாளாக அப்படித்தான். நோட்டை என் பக்கமாகத் தரையில் தள்ளினார். தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, காது எனக்கு நன்றாகத் தெரியும்படி வெளிச்சத்தில் அசையாமல் உட்கார்ந்தார்.

நான் பென்சிலை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்து அந்தக் காதைப் பார்த்தேன்.